கீறல் அல்ல

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஐந்தாவது முறையும் செய்தால் எனக்கு மானம் இல்லை என்று அர்த்தம். அதனால்தான் கடிதம். அடுத்த வீட்டுக்கு வந்த கடிதத்தையே ஆவியில் காட்டிப் பிரித்தவன் நீ, உன் பெயருக்கு வந்ததைப் பிரிக்காமலா இருப்பாய்?

சண்டை போட எழுதவில்லை. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது ஒரே ஒரு சந்தேகம்.

நான் வேலைக்குப் போகிறேன். பஸ் டிப்போவில் சில்லறை அறை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு நீள மேசை, ஆறு பெண்கள். கண்டக்டர்கள் கொண்டுவந்து கொட்டுவதை வகை பிரித்து எந்திரத்தில் போட வேண்டும். சாயங்காலம் எத்தனை முறை கை கழுவினாலும் இரும்பு வாசனை போவதில்லை. உன் அத்தானுக்கு வலது கண் போய்ப் பத்து மாதம், நாணயச்சாலை அவரை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம். யாராவது ஒருவர் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமே.

போன வாரம் ஒரு ஐந்து ரூபாய்க் காசு கையில் சிக்கியது. கப்பல் போட்ட ஐந்து, போன வருடத்தியது. கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து விளிம்பு வரை தலைமுடி போல ஒரு கோடு. அட்டையில் ஒட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவரிடம் காட்டினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "கீறல்தான். போட்டுட்டு வேலையைப் பாரு" என்றார். அதன் பிறகு அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. சாப்பாட்டில் உப்புப் போட மறந்திருந்தேன். அதைக்கூடச் சொல்லவில்லை. ஒரு கல் குறைந்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர்.

பதினாறு வருடம் காசு அடிக்கிற பிரஸ்ஸில் நின்றவர் கீறல் என்கிறார். நீ காசு அச்சுப் பரிசோதகன். நீ சொல், இது கீறலா?

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

கீறல் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதவும் செய்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன்.

கீறல் அல்ல. நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பார். கீறலென்றால் நகம் உள்ளே இறங்கும். இதில் நகம் தடுக்கும். கோடு மேலே நிற்கிறது. காசை யாரோ கீறவில்லை. காசை அடித்த அச்சிலேயே விரிசல். அடிக்கிற வேகத்தில் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்து வெளியே வரும். அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு, அச்சில் மேடு என்றால் காசில் பள்ளம். நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்த்துப் பழகியவர்கள்.

ஆனால் இதைப் பெரிது பண்ணாதே. அச்சு என்பது எஃகு. லட்சக்கணக்கில் அடி வாங்குகிறது, ஒருநாள் விரியும். எல்லா நாணயச்சாலையிலும் நடப்பது. சில அச்சு எண்ணெய் அடைத்து எழுத்தை விழுங்கும், சில காசில் படம் ஓரமாக நகர்ந்து விழும். இதையெல்லாம் தேடிச் சேகரிக்கிற பைத்தியங்களும் ஊரில் உண்டு. யாராவது கேட்டால் கொடுத்துவிடு.

இங்கே வந்ததிலிருந்து இரண்டு முறை அறை மாற்றிவிட்டேன். முதல் அறையில் பக்கத்து வீட்டுத் தையல் எந்திரச் சத்தம் தாங்கவில்லை. இந்த அறையில் சத்தமே இல்லை, அதுவும் தாங்கவில்லை.

அத்தான் எப்படி இருக்கிறார்?

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

அத்தான் எப்படி இருக்கிறார் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய், பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கேட்பது போல. நீயே வந்து பார்.

பைத்தியம் என்றாயே, அதில் இப்போது நானும் ஒருத்தி. இந்த நாலு நாளில் இன்னும் பன்னிரண்டு காசு பிடித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள், "என்னக்கா, புதையல் தேடறியா?" என்று கேலி செய்கிறாள். டிப்போவுக்கு எதிரே கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருக்கிறார். அவரும் தப்பாக அடித்த காசு சேர்க்கிறவர். கண்ணில் மாட்டுகிற லென்ஸைக் கொடுத்தார். பன்னிரண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

அவை பன்னிரண்டு காசு இல்லை, ஒரே நோயாளியைப் பன்னிரண்டு நாள் பார்த்தது மாதிரி இருந்தது. முதலில் உச்சியில் முடி. அப்புறம் அது பாய்மரத்தோடு இறங்குகிறது. அப்புறம் கப்பலைப் பிளந்துகொண்டு கீழே. அப்புறம் கவட்டை போல இரண்டாகப் பிரிந்து மறுபக்க விளிம்பைத் தொடுகிறது. கடிகாரக்காரர் இன்னொன்றும் காட்டினார். பன்னிரண்டிலும் கப்பலின் மூக்குக்குக் கீழே கடுகளவு ஒரு புள்ளி. "எல்லாம் ஒரே அச்சும்மா. மச்சம் மாதிரி, பார்த்துக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து விசாரணை அறிக்கையை எடுத்தேன். எட்டு மாதமாக அதைத் தொடவில்லை. மூன்றாம் பக்கம்: "நான்காம் பிரஸ்ஸில் பொருத்தியிருந்த கப்பல் அச்சு புதியது. விபத்துக்கு முன் அதில் விரிசல் ஏதும் இல்லை. இயக்குபவர் விதியை மீறி அழுத்தத்தைக் கூட்டியதாலும், காப்புக் கதவைத் திறந்து வைத்திருந்ததாலும் அச்சு திடீரென உடைந்து அவர் கண்ணில் பாய்ந்தது." கீழே பரிசோதகர் கையெழுத்து. உன்னுடையது.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன். அப்போதுகூட, உண்மையைத்தானே எழுதினான், கொஞ்சம் விட்டுக்கொடுத்து எழுதியிருக்கலாமே என்றுதான் கோபம். நீ பொய் எழுதியிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இது அந்த அச்சா?

அக்கா


மார்ச் 2

அக்கா,

நீ கேட்டதற்கு ஆம், இல்லை என்று பதில் எழுத முடியாது.

கப்பல் அச்சு ஒன்றா இரண்டா, அந்த வருடம் எத்தனையோ. புள்ளி இருக்கிறது என்கிறாய். இருக்கலாம். நான்காம் பிரஸ் நொடிக்குப் பத்துக் காசு அடிக்கும். ஒரு ஷிஃப்டில் எத்தனை என்று நீயே பெருக்கிப் பார். காலையில் முடியளவு விரிசல் விட்டு மாலையில் உடைந்திருந்தாலும், ஆயிரக்கணக்கான காசில் விதவிதமாகக் கோடு இருக்கும். அதனால் உன் பன்னிரண்டு காசு எதையும் நிரூபிக்காது. எந்த நாளில் அடித்தது என்று காசு சொல்லாது. நாணயச்சாலைப் பையின் வாயில் தைத்திருக்கிற சீட்டுதான் சொல்லும், தேதியும் பிரஸ் நம்பரும் அதில்தான் இருக்கும். கண்டக்டர் கொட்டுகிற காசுக்கு ஏது சீட்டு?

ஆகவே விட்டுவிடு. மேல்முறையீடு போட வேண்டும் என்ற எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடு. அது அத்தானுக்கு நல்லதாக முடியாது. ஏன் என்று கேட்காதே.

நீ அனுப்பிய காசு என் மேசையில் இருக்கிறது. மேசை டிராயரில் வைத்தேன், பிறகு அலமாரியில் வைத்தேன், இப்போது மறுபடி மேசையில்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

சீட்டைப் பற்றி நீ வேண்டுமென்றே எழுதினாயா, வாய் தவறி எழுதினாயா? ஐந்து நாளாக யோசிக்கிறேன். எப்படியானாலும் உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

கண்டக்டர்களுக்குக் காலையில் கொடுத்தனுப்ப வங்கியிலிருந்து சில்லறைப் பை வருகிறது. சீல் வைத்த பை, நாணயச்சாலையிலிருந்து வந்தபடியே. பின்பக்கக் கிடங்கில் ஐந்து ரூபாய்ப் பை மட்டும் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பையாகச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். முட்டி தேய்ந்துவிட்டது. டிப்போ மேனேஜர் வந்து, "எலி பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், கொஞ்சம் பெரிய எலி" என்றேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "பிரிக்கறதா இருந்தா ரெண்டு சாட்சியை வெச்சுக்கிட்டுப் பிரிங்க. இல்லைன்னா நீங்களே உள்ள போட்டீங்கன்னுவாங்க" என்றார்.

அவரும் கடிகாரக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நான்காம் பிரஸ், ஏப்ரல் 6 பை: கைவிட்ட இடமெல்லாம் முடிக்கோடு. ஏப்ரல் 8 பை: கப்பல் பிளந்துவிட்டது. விபத்து நடந்தது ஏப்ரல் 9.

நாள் கணக்கில் சொல்கிறேன், நன்றாகக் கேள். மூன்று நாள். திடீரென உடைந்ததாம்! மூன்று நாள் திடீரென!

ஏப்ரல் 9 பையும் இருந்தது. அதில் ஒரு காசு வேறு மாதிரி. விளிம்பில் முக்கோணமாக ஒரு கட்டி, எழுத்தும் இல்லை படமும் இல்லை, மெழுகு உருகி நின்றது போல. அதைக் கண்டதும் கடிகாரக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இது கிடைக்காத சரக்கும்மா, என்ன வேணும்னாலும் கேளுங்க, தர்றேன்" என்றார். தர முடியாது என்றேன். அது என்ன கட்டி, தம்பி?

மேல்முறையீட்டுக்கு ஜூன் வரை கெடு. உன்னை ஒரு முறைதான் கேட்பேன். என்ன நடந்தது?

அக்கா


மார்ச் 17

அக்கா,

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அந்தக் கட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அச்சில் ஒரு துண்டு உடைந்து போய்விட்டால், அந்த இடத்தில் உலோகத்தைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. வழிந்து கட்டியாகிவிடும். துண்டு எங்கே போனது என்பது உனக்குத் தெரியும். அத்தான் கண்ணைப் பிடித்துக்கொண்டு விழுந்த பிறகும் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். ஓடிப்போய் நிறுத்த ஏழெட்டு நொடி ஆயிற்று. நொடிக்குப் பத்து. உன் கையில் இருப்பது அந்த எழுபது எண்பதில் ஒன்று. அதை யாருக்கும் கொடுத்துவிடாதே, என் கண்ணிலும் காட்டாதே.

ஏப்ரல் 5 காலையில் லென்ஸில் முதல் முடியைப் பார்த்தேன். அந்த அச்சுக்கென்று இருக்கிற அட்டையில் எழுதினேன்: "விளிம்பில் முடி விரிசல். ஷிஃப்ட் முடிவில் கழற்றவும்." ஃபோர்மேனிடம் கொண்டுபோனேன். அவரை எல்லோரும் 'ஓடட்டும்' என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும், எதைச் சொன்னாலும் அவர் வாயில் அது ஒன்றுதான். அன்றும் அதையே சொன்னார்.

ஏழாம் தேதி கோடு கப்பல்வரை இறங்கிவிட்டது. பரிசோதகனிடம் சிவப்புச் சீட்டு இருக்கும். அதைப் பிரஸ்ஸில் ஒட்டிவிட்டால் ஃபோர்மேன் என்ன, அவருக்கு மேலே இருப்பவரும் பிய்க்க முடியாது. சட்டைப் பையில் சீட்டோடு நான்காம் பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே அத்தான் நின்றார்.

இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். அத்தானுக்கு விரிசல் தெரியும். எனக்கு முன்பே தெரியும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்ளே, ரெண்டே நாள். இந்த ஆர்டர் முடிஞ்சா ஷிஃப்ட் லீடர் நான்தான்னு பேச்சு. இப்பக் கழட்டினா அரை நாள் போச்சு, பேரும் போச்சு. ஒட்டாதடா. நான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கறேன்."

நான் ஒட்டவில்லை.

அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டும் இருந்தார். காப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு காசை எடுத்து, கோடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கதவு திறந்திருந்தது அதனால்தான். அழுத்தத்தை அவர் கூட்டவே இல்லை. அது முழுப் பொய்.

ஆஸ்பத்திரி நடையில் ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அட்டையில விரிசல்னு உன் எழுத்து இருக்கு. தெரிஞ்சே ஓட்டினீங்கன்னு வந்தா உள்ள போறது நீயும் உன் அத்தானும்தான். புது அட்டை ஒண்ணு எழுதிடு. பழசைக் கிழிச்சிடு. கவனக்குறைவுன்னு வந்தா அவருக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும்." எழுதினேன். அத்தானைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எச்சரிக்கையோடு போகவில்லை, வேலையே போயிற்று. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மாற்றல் கேட்டு இங்கே ஓடிவந்தேன்.

பழைய அட்டையைக் கிழிக்கவில்லை. அதில் அந்தப் புள்ளியைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அச்சைப் பொருத்தும்போது என் கருவி நழுவி விழுந்த சின்ன வடு அது.

இப்போது சொல், இதை வைத்து மேல்முறையீடு செய்யப்போகிறாயா?

தம்பி


ஏப்ரல் 2

அக்கா,

இரண்டு வாரம் ஆகிவிட்டது. தினமும் தபால்காரர் எதிரே போய் நிற்கிறேன். அவர் இப்போது என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

திட்டியாவது எழுது. இல்லையென்றால் போனில் கூப்பிட்டுத் திட்டு. முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

நேற்றோடு ஒரு வருடம்.

உன் கடிதத்தைச் சில்லறை அறையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்து மறுபடி எண்ண ஆரம்பித்தேன். ஒரே தட்டை மூன்று முறை எண்ணி மூன்று விதமாக வந்தது. பக்கத்தில் உட்காருகிற மேசைக்காரி என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போக்கா" என்றாள்.

வீட்டுக்குப் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். இப்போது வீட்டு வேலையில் பாதி அவர்தான். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லிட்டானா?"

இதுதான் அவர் கேட்டது. அதில் கோபமே இல்லை.

"ஒரு வருஷமா அவன் எப்பச் சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"ஏன், உங்களுக்கு வாய் இல்லையா?"

மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார். "நீ அவனைத் திட்டிக்கிட்டு இருந்த. எனக்கு அது வசதியா இருந்துச்சு."

தம்பி, கண் போன அன்றுகூட நான் இவ்வளவு அழவில்லை. ஒரு வருடம் உன்னை நான் ஏசாத நாள் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தடவிப் பார்த்துவிட்டுக் கீறல் என்று சொன்னாரே, அந்த விரலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் மேசைக்காரி வீட்டில் போய் இருந்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுவே பெரிய உபகாரம்.

நான்காம் நாள் அவரே வந்து வாசலில் நின்றார். தெருவைத் தனியாகக் கடந்து வந்திருக்கிறார். வலது பக்கம் வருகிற வண்டி அவருக்குத் தெரியாது. அதற்கும் ஒரு சண்டை போட்டேன். போட்டு முடித்த பிறகு சொன்னார்: "மேல்முறையீடு போடலாம். ஆனா போட்டா முழுசாச் சொல்லணும். அழுத்தம் கூட்டலைன்னு மட்டும் சொல்லிட்டு மிச்சத்தை மறைச்சா, அதுவும் இன்னொரு பொய் அட்டைதான்."

"முழுசாச் சொன்னா வேலை திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்காமலும் போகலாம்."

மனு கொடுத்துவிட்டோம். நீ எழுதியது சரிதான், அது அவருக்கு நல்லதாக முடியாமல் போகலாம். உனக்கு நிச்சயம் நல்லதாக முடியாது. வருவாயா, மாட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை. தேதி மே 20, காலை பத்து மணி, நிர்வாகக் கட்டடம், இரண்டாம் மாடி.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

வருகிறேன். பழைய அட்டையோடு.

அட்டையைத் தபாலில் அனுப்பிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நான் வராமலே வேலை முடிந்துவிடும். அந்த யோசனை வந்ததற்காகவே வருகிறேன்.

அத்தானிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அன்று காலை பத்து மணிக்கு முன்னால் அவரைப் பார்க்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். பேசிவைத்துக்கொண்டோம் என்று யாரும் சொல்லக் கூடாது. இதுவும் சாக்குதான், தெரிகிறது.

தம்பி


மே 22

தம்பிக்கு,

சாட்சி சொல்லி முடித்ததும் உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் வெளியே வந்து பார்த்தபோது பெஞ்சு காலி. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வாசல் காவலர் சொன்னார். அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும்.

மூன்று அதிகாரிகளில் நடுவில் இருந்தாரே, நரைத்த அம்மா, அவர் உன் அட்டையை இரண்டு முறை படித்தார். பிறகு என் காசுகளைக் கேட்டார். மை உறிஞ்சும் தாளின் மேல் வரிசையாக வைத்தேன். பைச் சீட்டையும் அந்தந்தக் காசுக்குப் பக்கத்தில் வைத்தேன். லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. ஃபோர்மேன் 'ஓடட்டும்' அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, புழக்கத்துல இருந்த காசு. பஸ்ஸுல, பையில உரசிக் கீறல் விழறது சகஜம்."

அந்த அம்மா நிமிராமலே ஒரு காசை அவர் பக்கம் தள்ளினார். "நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க."

இழுத்தார்.

"உள்ள இறங்குதா, தடுக்குதா?"

அந்த மனிதர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வாங்க மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. "தடுக்குது."

அத்தோடு முடிந்திருக்கலாம். பக்கத்தில் இருந்த அதிகாரி கோப்பைக் கட்டவே ஆரம்பித்துவிட்டார். அப்போது உன் அத்தான் எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன். போதும் என்று தோன்றிவிட்டது எனக்கு. அவர் என் கையை எடுத்துவிட்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. பரிசோதகர் அச்சைக் கழட்டத்தான் வந்தாரு. ஒட்டாதேன்னு கையைப் பிடிச்சவன் நான். அவரு சொன்னப்ப, நான் கேட்டுக்கிட்டதைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்லிட்டுப் போயிட்டாரு. உறவுக்காக."

"இது உங்களுக்கு எதிராப் போகும்னு தெரியுதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தெரியுதுங்க. எனக்கு லீடர் ஆகணும்னு ஆசை. அவரு சின்னவரு, அக்கா புருஷன் கேட்டா என்ன பண்ணுவாரு?"

நீ மழுப்பினாயா, தம்பி? அவ்வளவு பெரிய சத்தியம் பண்ணிவிட்டு அங்கேயும் மழுப்பினாயா? திட்டத்தான் வருகிறது.

உத்தரவு வர ஒரு மாதம் ஆகுமாம். எனக்கு வேலை ஓடவில்லை. காசைப் பார்த்தால் கப்பல் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன்.

அக்கா


ஜூன் 1

அக்கா,

மழுப்பினேன். அவர் கையைப் பிடித்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில், "அச்சைக் கழற்றுவது குறித்துப் பேசினோம்" என்று சொன்னேன். அட்டையைக் கொடுத்த தைரியம் அதோடு தீர்ந்துபோயிற்று.

என்னை இடைநீக்கம் செய்து நேற்று உத்தரவு வந்தது. வருமென்று தெரியும். அதற்கு முந்தைய நாள் இங்கே இரண்டாம் பிரஸ்ஸில் ஒரு முடி விரிசல். சிவப்புச் சீட்டை ஒட்டினேன். பிரஸ்காரர் கத்தினார்: "ஒரு மயிரிழைக்குப் போய் வேலையை நிறுத்துறியே, நீயெல்லாம் மனுசனா?" மனது லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒரு வருடம் தாமதமாக, வேறு ஊரில், வேறு ஒருவர் பிரஸ்ஸில் ஒட்டிய சீட்டு.

ரயிலுக்கு நேரமிருந்தது, அக்கா. இரண்டு மணி நேரம் இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை அத்தான் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான், நான்கடி தூரத்தில் நின்றேன். சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியவில்லை.

அதிலே தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

உத்தரவு வந்துவிட்டது. அழுத்தம் கூட்டியதாகச் சொன்னது பொய் என்று எழுதிவிட்டார்கள். பணிநீக்கம் ரத்து. ஆனால் விரிசல் தெரிந்தும் ஓட்டியதற்காக இரண்டு படி கீழே இறக்கம், பிரஸ் பக்கம் இனி போகக் கூடாது, எடை போடுகிற பிரிவில் உட்கார்ந்த வேலை. லீடர் கனவெல்லாம் போயிற்று. ஃபோர்மேன் மீது தனி விசாரணை. உன் பரிசோதகர் முத்திரையைப் பறித்துக்கொண்டு கிடங்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். வேலை போகாது. உனக்கும் நேராக வரும்.

படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரியான தீர்ப்பு" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று ஊரைக் கூட்டினார்.

உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். மறுபடி அந்த வரியைப் படிக்கச் சொன்னார்.

"அவன் எந்தப் பக்கம் நின்னான்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சாட்சிக்கூண்டு அவருக்கு வலது கைப்பக்கம்.

"அங்க எனக்கு ஒண்ணும் தெரியாதே. குரல் மட்டும்தான் கேட்டுச்சு. திரும்பினா அழுதுடுவேனோன்னு பயமாவும் இருந்துச்சு. அதுக்குன்னு ரயிலேறிப் போயிடறதா? முட்டாப்பய."

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. அவரையே இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறேன். உன்னை இவ்வளவு தூரத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை வா. வந்தால் அவருக்கு இடது பக்கம் உட்கார்.

அக்கா